கைப்பக்குவம் என்றால் அவ்வளவு இளப்பமா?

வீட்டில் பிரெட் செய்யச் சொல்லித்தந்து பதிவு போட்ட அந்த அக்காவை நேற்று கமெண்டில் ஆளாளுக்கு வறுத்தெடுத்ததைப் பார்த்தேன். "மாவு இழுக்கிற அளவுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்" என்று சொன்னதற்கா இத்தனை ஏச்சு? "கிராம் தெரியாதவர்கள் பிரெட் சொல்லித்தர வரக்கூடாது" என்ற கமெண்டுக்கு அத்தனை ஹார்ட்டின்! அக்கா சொன்னதுதான் சரி.

500 கிராம் மைதாவுக்கு 325 மில்லி தண்ணீர் என்பது பொதுவான கணக்கு. அதே 325-ஐ முழுக் கோதுமை மாவில் ஊற்றிப் பாருங்கள், உருண்டை விறைத்து நிற்கும். தவிடு தண்ணீரைக் குடித்துவிடும். இன்னும் 50 மில்லியாவது கேட்கும். மைதாவிலேயே புரதம் கூடினது அதிகம் இழுக்கும், குறைந்தது பிசுபிசுத்துப் போகும். தராசுக்கு இது தெரியாது, கைக்குத் தெரியும். முதலில் 300 ஊற்றிக் கலந்து, மூடி, 20 நிமிடம் விடுங்கள். பிறகு கையை நனைத்துக்கொண்டு பிசையுங்கள். பாத்திரத்தின் ஓரத்தை விட்டு வரவேண்டும், அடியில் லேசாக ஒட்டவேண்டும். வறண்டு கிழிந்தால் மட்டும் ஒவ்வொரு ஸ்பூனாகத் தண்ணீர் சேருங்கள்.

நேரமும் அப்படித்தான். "ஒரு மணி நேரம் பொங்கவிடவும்" என்றால் எந்த அறையில்? 30 டிகிரியில் ஒரு மணி நேரத்தில் பொங்குவது 20 டிகிரியில் இரண்டு மணி நேரமும் எடுக்கும். வடிவம் செய்து வைத்த மாவில், மாவு தொட்ட விரலை அரை அங்குலம் அழுத்தி எடுங்கள். குழி சட்டென்று மூடினால் இன்னும் பொறுங்கள். மெல்ல எழும்பி பாதியில் நின்றால் உடனே ஓவனில் வையுங்கள். எழும்பவே இல்லை என்றால் நேரம் தாண்டிவிட்டது. இது குத்துமதிப்பு இல்லை, இதுதான் அளவு.

"அப்போ உப்பும் கண்ணளவா?" என்று கேட்பீர்கள். இல்லை. 500 கிராமுக்கு 10 கிராம் உப்பு, 5 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், அளந்தே போடுங்கள். அக்கா அதை மறுக்கவே இல்லையே! "புதிதாகச் செய்பவர்கள் குழம்புவார்கள்" என்றும் ஒருவர். எண்களை மட்டும் நம்பி, பிரெட் செங்கல்லாகி, தனக்குக் கைவரவில்லை என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். பேக்கரியில் எடை போடுகிறார்களே என்றால், அங்கே எப்போதும் ஒரே மாவு, ஒரே சூடு. அங்கேயும் மாவைத் தொட்டுப் பார்க்க ஒருவர் நிற்கிறார்.

வெப்பமானி வருவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எகிப்தில் புளித்த மாவில் ரொட்டி சுட்டார்கள். கையில் இருக்கும் அறிவு எண்ணாக எழுதப்படவில்லை என்பதற்காக அது அறிவே இல்லையா? வருடக்கணக்காக அடுப்படியில் நின்று கற்றதை ஒரு வரியில் மட்டம் தட்டினால் வலிக்காதா?

இன்னொன்று. முதல் தடவை அதிகம் பொங்கின மாவைக் குப்பையில் போடச் சொல்லிச் சிலர் கமெண்டில் எழுதினீர்களே, அது தப்பு. புளித்த நாற்றம் ஏறாமல் இருந்தால், மெல்ல அழுத்திக் காற்றை வெளியேற்றி, மறுபடி உருட்டி வடிவம் செய்யுங்கள். இரண்டாம் முறை சீக்கிரமே பொங்கிவிடும், அதனால் 20 நிமிடத்திலிருந்தே விரல் வைத்துப் பாருங்கள்.