பிரிக்பீல்ட்ஸ் மஞ்சள் ஓடுகள் எதற்கு?

வணக்கம் அண்ணா. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் உள்ள மஞ்சள் ஓடுகள் மழையில் வழுக்காமல் இருக்கத்தான், அதன்மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்தினால் யாருக்கும் நட்டமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பலர் பகிர்ந்தும் இருக்கிறார்கள். அது சரியில்லை. அவை பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் ஓடுகள்.

ஜப்பானியரான செய்இச்சி மியாக்கே உருவாக்கியவை. 1967இல் ஒக்காயாமாவில், பார்வையற்றோர் பள்ளி அருகே முதன்முதலாகப் பதித்தார்கள். கண்ணின் வேலையைப் பாதமும் கைத்தடியும் செய்யட்டும் என்பதுதான் யோசனை. நீளக் கோடு என்றால் இந்தத் திசையில் நடக்கலாம். வட்டப் புள்ளி என்றால் நில், முன்னே சாலையோ படிக்கட்டோ இருக்கிறது. மஞ்சள் நிறம், ஓரளவு பார்வை உள்ளவர்களுக்காக.

சந்தேகம் இருந்தால் மெல்லிய செருப்போடு அதன்மேல் நடந்து பாருங்கள். கோடும் புள்ளியும் காலுக்கே வேறுவேறாகத் தெரியும். வழுக்காமல் இருக்க மட்டும் என்றால் இரண்டு வகை எதற்கு? மலேசியப் பார்வையற்றோர் சங்கமும் அங்கேதான் இருக்கிறது, கேட்கலாம்.

கைத்தடி மோட்டார் டயரில் முட்டி, ஒரு பெரியவர் கார்கள் ஓடும் சாலையில் இறங்கி நடந்ததைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து பதிவைத் திருத்திவிடுங்கள் அண்ணா.