சிங்கப்பூர்ல குப்பை மிச்சமே இல்லன்னு வர்ற ஃபார்வர்டு தப்பு

“சிங்கப்பூர்ல குப்பைக்கிடங்கே கிடையாது, எல்லாத்தையும் எரிச்சு அதுலயே பாதி நாட்டுக்கு கரண்ட் குடுக்குறாங்க, ஒரு துளி மிச்சம் இல்ல”ன்னு ஒரு மெசேஜ் நம்ம குரூப்ல திரும்பத் திரும்ப வருது. எரிக்கிறது உண்மைதான், மத்தது உண்மை இல்ல.

சிங்கப்பூரோட மேற்குப் பகுதியான துவாஸ் பக்கம் இருக்கிற குப்பை எரிக்கிற ஆலைகளுக்கு வர்ற லாரியை முதல்ல எடை போட்டு, குப்பையை பெரிய பள்ளத்துல கொட்டுறாங்க, அங்க காத்தழுத்தத்தை வெளியில இருக்கிறதை விட கொஞ்சம் கம்மியா வெச்சிருக்கிறதால நாத்தம் வெளிய வராது, அப்புறம் கிரேன் அள்ளி உலையில போடும், அந்தச் சூட்டுல நீராவி வந்து டர்பைன் சுத்தி கரண்ட் வருது. புகையை ஃபில்டர் பண்ணித்தான் வெளிய விடுறாங்க, சாம்பல்ல இருக்கிற இரும்பை காந்தம் வெச்சு எடுத்துடுறாங்க.

ஆனா இந்த கரண்ட் நாட்டோட தேவையில சுமார் 3 சதவீதம்தான், பாதி எல்லாம் இல்ல. குப்பையோட பரிமாணம் ஏறக்குறைய 90 சதவீதம் குறையுது, மிச்சம் சாம்பல். அதை படகுல ஏத்தி செமாக்காவ் தீவுக்குக் கொண்டுபோறாங்க. கடல்ல அணை கட்டி 1999ல திறந்த குப்பைக்கிடங்கு அது, இப்போ போற வேகத்துக்கு 2035 வாக்குல நிரம்பிடும்னு அரசாங்கமே சொல்லுது. அதனாலதான் அங்க குப்பையைக் குறைங்க, மறுசுழற்சி பண்ணுங்கன்னு இவ்ளோ கெஞ்சுறாங்க, இந்த மெசேஜ் அதையே மறைச்சிடுது, அதுதான் எனக்கு வருத்தம்.

சந்தேகம் இருந்தா சிங்கப்பூர் தேசிய சுற்றுப்புற வாரியத்தோட வெப்சைட்டுல பாருங்க. தயவுசெஞ்சு இதை இனிமே அனுப்பாதீங்க, அனுப்பினவங்களுக்கும் சொல்லிடுங்க.