அஞ்சு நாள் எதுக்கு என்று கேட்டவர்களுக்கு

போன வாரம் எங்கள் கல்லூரியில் பெற்றோர் கூட்டம். வருடா வருடம் மாணவர்களைப் பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமத்துக்கு ஐந்து நாள் முகாம் கூட்டிப்போகிறோம். அதைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒரு அப்பா எழுந்தார். "ஏன் மேடம், ஒரு நாள் போய் அரிசி, போர்வையெல்லாம் குடுத்துட்டு சாயங்காலமே திரும்பிடலாமே. அஞ்சு நாள் எதுக்கு? செலவை வேணும்னா நாங்களே ஏத்துக்கிறோம்" என்றார். நல்ல மனசோடுதான் கேட்டார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். மைக் பிடித்து இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

2005 மே மாதம். எனக்கு 19 வயது. சுனாமி வந்து போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். நாங்கள் பன்னிரண்டு மாணவிகள், ஒரு சிஸ்டரோடு, கடலூர்க் கடற்கரையில் ஒரு மீனவர் குடியிருப்புக்குப் போனோம். தார் அட்டை அடித்த தற்காலிக வீடுகள். காலை பத்து மணிக்கு மேல் உள்ளே இருக்க முடியாது, அனல் அடிக்கும். ஊரே வெளியே நிழல் தேடி உட்கார்ந்திருக்கும். எங்கள் கையில் ஆளுக்கொரு நோட்டு. வீடு வீடாகப் போய் என்ன நடந்தது என்று கேட்டு எழுத வேண்டும், ஆறுதல் சொல்ல வேண்டும். அதற்காக அரை நாள் பயிற்சி வேறு கொடுத்திருந்தார்கள்.

முதல் வீட்டிலேயே ஒரு ஆயா. பேரன் போய்விட்டான். நான் கேட்டதும் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "இதோட ஏழு பேருக்குச் சொல்லிட்டேன் பாப்பா. நீ எட்டாவது" என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்புறம் அவரே, "எழுதுறத அந்தாண்ட வை. வந்து இந்த மீன ஆஞ்சு குடு" என்று ஒரு சட்டி நெத்திலியை முன்னால் தள்ளினார். எனக்கு மீன் ஆயத் தெரியாது. தலையைக் கிள்ளும்போதே குடலும் சேர்ந்து வருகிற மாதிரி இழுக்க வேண்டும் என்று என் விரலைப் பிடித்துக் காட்டினார். அன்றைக்கு முழுக்க அவ்வளவுதான் பேச்சு. மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் மத்தியானம், நான் எதுவும் கேட்காமலே, பேரனுக்குப் பொரித்த நெத்திலி என்றால் உயிர் என்று ஆரம்பித்தார். சட்டி காலியாகிற வரைக்கும் பேசினார். நான் ஒரு வரிகூட எழுதவில்லை.

ஒரு நாளில் போய்த் திரும்பியிருந்தால் அவர் கதையைச் சொல்ல வைத்த எட்டாவது ஆள் நான். அவ்வளவுதான்.

இது எனக்கு மட்டும் தோன்றிய விஷயம் இல்லை. அமெரிக்காவின் கத்தோலிக்கக் கல்லூரிகளில் இந்தப் பயணங்கள் ரொம்பக் காலமாக நடக்கின்றன. மார்ச் மாத விடுமுறையில் அப்பலாச்சியா மலைக்கிராமங்களுக்கும் மெக்சிகோ எல்லைக்கும் போவார்கள். 1968லேயே மெக்சிகோவில் இவான் இல்லிச் என்ற கத்தோலிக்க குரு, அப்படி வந்த மாணவர்களின் முகத்துக்கு நேராகவே பேசினார். பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், தயவுசெய்து உதவி செய்ய வராதீர்கள் என்பது அவர் பேச்சின் சாரம். 2000ல் கலிபோர்னியாவின் சாந்தா கிளாரா பல்கலைக்கழகத்தில் பேசிய, இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவு சபையின் அன்றைய தலைவர் கோல்வன்பாக், தோழமை என்பது கருத்துகளால் வருவதில்லை, நேரடித் தொடர்பால் வருவது என்றார். இல்லிச் சொன்னதையும் இதையும் எதிரும் புதிருமாக வைப்பார்கள். எனக்கு இரண்டும் ஒரே இடத்துக்கு வந்து சேருவதாகத்தான் படுகிறது. நம் பக்கம் மட்டும் என்ன, ஐக்கஃப் என்ற அகில இந்தியக் கத்தோலிக்க மாணவர் அமைப்பு 1924ல் தொடங்கிய இயக்கம். 1970ல் பூந்தமல்லியில் கூடி, சமூக மாற்றத்தின் பக்கம் நிற்போம் என்று மாணவர்களே அறிவித்தார்கள். நம் ஃபாதர்கள் 'உடனிருப்பு' என்று ஒரு சொல் சொல்வார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த சொல். அதில் கொடுப்பது என்ற பேச்சே இல்லை, கவனித்தீர்களா?

கொடுப்பது நமக்குத் தெரியாததா என்ன? பண்ருட்டியிலிருந்து கொஞ்சம் போனால் வடலூர். அங்கே தருமசாலையில் 1867ல் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. சோறு போடுவதை இந்த மண்ணுக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். பக்கத்தில் உட்காருவதுதான் நமக்கு வரவில்லை.

சரி, முகாமுக்கு வருகிறேன். நாங்கள் தங்கும் ஊரில் முக்கால்வாசிப் பெண்களுக்கு முந்திரிக் கொட்டை உடைக்கிற வேலை. ஓட்டுக்குள் இருக்கிற எண்ணெய் தோலைப் பொத்துவிடும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உட்காருவார்கள். அப்படியும் விரல் நுனியெல்லாம் கருத்து, தோல் உரிந்து கிடக்கும். கிலோ கணக்கில் கூலி. முழுப் பருப்பாக வந்தால் ஒரு கூலி, உடைசல் என்றால் குறைவு. 2011 டிசம்பர் 30ந்தேதி தானே புயல் அடித்து, ஒரே ராத்திரியில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்த கதையை அந்த அம்மாக்கள் நேற்று நடந்த மாதிரி சொல்வார்கள். "மரம் யாருதோ அவங்களுக்குக் கணக்கு எடுத்தாங்க. நாங்க உடைக்கிற கைதானே, எங்களை யாரு எண்ணுவா?" என்று ஒருவர் கேட்டார். பொருளாதாரம் படிக்கிற பிள்ளைகள் வாயடைத்துப்போனார்கள். அங்கே மூட்டை மூட்டையாகக் கிடந்த கொட்டையில் பாதி ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது என்பதும் அவர்களுக்கு அங்கே உட்கார்ந்துதான் தெரிந்தது. பாடப்புத்தகத்தில் இறக்குமதி என்று படித்தது, அந்த அம்மா மடியில் கிடந்தது.

போன வருடம் இரண்டாம் நாள் காலை. பிள்ளைகள் தட்டத் தட்ட எல்லாமே உடைசலாக வருகிறது. ஒரு பையன் மட்டும் ஓரமாக உட்கார்ந்து கட்டையால் ஒரே தட்டு, ஓடு இரண்டாகப் பிளக்க, பருப்பு முழுசாக வந்து விழுகிறது. ஒன்று, இரண்டு, பத்து. வீட்டுக்கார அம்மா நிமிர்ந்து பார்த்து, "யாருகிட்டப்பா கத்துக்கிட்ட?" என்றார். அவன் பதில் சொல்லவில்லை, இன்னும் குனிந்துகொண்டான். அன்று ராத்திரி பகிர்வு நேரத்தில் அவன் முறை வந்தபோது ரொம்ப நேரம் சும்மா இருந்தான். பிறகு சொன்னான்: "எங்க ஆயாவுக்கு இதான் வேலை. அம்மாவுக்கும். அம்மா கையைப் பார்த்துடுவாங்கன்னு ஹாஸ்டல் டேக்கு வர வேணாம்னு சொல்லிட்டேன்."

மூன்று வருடம் அவனோடு ஒரே அறையில் இருந்த பையன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அவனுக்கே அது அப்போதுதான் தெரியும். அவன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் விடிந்ததும் எழுந்து, இவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எனக்கும் காட்டுடா" என்று கையில் சாம்பலைப் பூசிக்கொண்டான். ஊர் திரும்பி இரண்டு வாரம் அவன் விரலெல்லாம் கருப்பாகவே இருந்தது. பொங்கலுக்கு நாலு பேர் சேர்ந்து, முந்திரி உடைத்த பையனுடைய ஆயா வீட்டுக்குப் போய் வந்தார்கள்.

அந்தப் பையனின் அம்மாவை மகனே மறைக்க வேண்டியிருந்தது எங்கள் ஹாஸ்டலில்தான். கிராமத்தில் இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. கத்தோலிக்கர்களான நமக்கு இது புதிதும் இல்லை. 2008 மார்ச்சில் நம் புதுவை - கடலூர் உயர்மறைமாவட்டத்து எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்கென்று தனிப் பங்கு, அதாவது தனிக் கோயில் நிர்வாகம், கேட்ட பிரச்சினையில் சாதி மோதல் வந்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. மோதல், ஒரே பீடத்தில் நற்கருணை வாங்குகிறவர்கள் இடையில். ஏழைகளைப் பார்க்க எங்கோ போகிறோம் என்று பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. பக்கத்துப் பெஞ்சில் இருப்பவனைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் பஸ் ஏற வேண்டியிருக்கிறது.

இப்படிப்பட்ட முகாம்களில் தப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். பேனர் கட்டி, போர்வை கொடுக்கிற கையைப் போட்டோ எடுத்துப் போட்ட முகாமிலும் நான் இருந்திருக்கிறேன். வாங்குகிற அம்மா முகத்தை முந்தானையால் மறைத்துக்கொண்டதையும் பார்த்தேன். வேறொரு கல்லூரியில் வேலை பார்த்தபோது, தங்கிய வீடுகளுக்குச் சாப்பாட்டுச் செலவுகூடக் கொடுக்காமல் கிளம்பினோம். கூலி வேலை செய்கிற வீட்டில் ஐந்து நாள் ஆறு பேர் சாப்பிட்டுவிட்டு வருவதற்குப் பெயர் சேவை இல்லை. இப்போது முதல் நாளே அந்தப் பணத்தைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகிறோம். பேனர் கிடையாது. போட்டோ, கடைசி நாள், அந்த வீட்டார் கேட்டால் மட்டும்.

அந்த அப்பாவுக்கு என் பதில் இதுதான் சார். முதல் நாள் நாங்கள் விருந்தாளி. இரண்டாம் நாள் இடைஞ்சல். மூன்றாம் நாள்தான் யாராவது ஒருவர் வாய் திறக்கிறார். நான்காம் நாள் பிள்ளைகள் திறக்கிறார்கள். ஒரே நாளில் கூட்டி வந்துவிட்டால் அரிசி மட்டும்தான் போய்ச் சேரும். நீங்கள் ஏற்றுக்கொள்வதாகச் சொன்ன செலவை, தங்குகிற வீடுகளின் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்தால் சந்தோஷப்படுவேன். மகனையும் ஐந்து நாளும் அனுப்புங்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை நிர்வாகம் முடிவு சொல்லும். போன வருடம் தங்கிய வீட்டம்மா இதற்குள் இரண்டு முறை போன் செய்துவிட்டார். "பசங்க என்னைக்கு வர்றாங்க? அந்தச் சின்னப் பையன், நல்லா உடைப்பானே, அவன் வர்றானா?" என்று கேட்கிறார். அவன் படிப்பு முடிந்து போய்விட்டான் என்று மட்டும் சொன்னேன். தேதி இன்னும் சொல்லவில்லை.