அம்மா நிறுத்திய பிரஷர் மாத்திரை

போன மாதம் பாலக்கோட்டுக்கு அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். வேலியோரச் செம்பருத்தியில் ஒரு பூ கூட இல்லை. கேட்டதற்கு, "டீ போட்டுக் குடிக்கிறேன் கண்ணு. பிரஷர் மாத்திரையை நிறுத்திப் பதினெட்டு நாளாச்சு" என்றார். முகமெல்லாம் சந்தோஷம். யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் வீடியோவாம். அன்று சாயங்காலமே கூட்டிப்போய் அளந்தோம். 180க்கு 110. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

பிரஷருக்கு நல்லது என்று ஆய்வுகள் சொல்லும் ஹைபிஸ்கஸ் டீ நம் வீட்டுச் செம்பருத்தியில் போடுவது இல்லை. அது ரோசெல் என்ற செடி, புளிச்சக்கீரை இனம். கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் தெலுங்கு பேசுகிறவர்கள் கோங்குரா என்பார்களே, அந்த வகை. டீக்கு எடுப்பது பூவைக்கூட அல்ல. பூ உதிர்ந்தபின் காயைச் சுற்றிப் பருத்து நிற்கும் சிவப்புப் புல்லி இதழ். அதனால்தான் அந்த டீ அவ்வளவு புளிக்கிறது.

அந்த ரோசெல் டீயாவது மாத்திரைக்கு ஈடாகுமா? 2010இல் வெளிவந்த அமெரிக்க டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வில் 65 பேர். தினம் 3 கப், 6 வாரம் குடித்தவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 7 புள்ளி குறைந்தது. நல்ல பலன்தான். ஆனால் அவர்கள் பிரஷர் லேசாகக் கூடியிருந்தவர்கள், மாத்திரை எடுக்காதவர்கள். 180இல் 7 போனால் 173. அம்மாவுக்கு அது எந்த மூலைக்கு?

மாத்திரையோடு சேர்த்துக் குடித்தாலும் கவனம் வேண்டும். பிரஷர் ரொம்ப இறங்கித் தலை சுற்றலாம். சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டே குடிக்க வேண்டும். கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம். அப்புறம், புளிப்பு பல் எனாமலை அரிக்கும். நம் தர்மபுரியில் புளோரைடு தண்ணீர் குடித்தே பல் கறை பிடித்தவர்கள் எத்தனை பேர்! குடித்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். அலுமினியப் பாத்திரத்தில் கொதிக்க வைக்காதீர்கள்.

வீட்டுச் செம்பருத்தியை நான் குறை சொல்லவில்லை. மருந்து அடிக்காத செடியில் பறித்து, வெந்நீரில் போட்டு, எலுமிச்சை பிழிந்தால் நிறம் மாறுவதைப் பார்க்கவே அழகு. காஃபின் இல்லாததால் காபிக்குப் பதில் எப்போதாவது ஒரு கப் குடிக்கலாம், சர்க்கரை கொட்டாமல்.

அம்மா இப்போது மாத்திரையை மறுபடி போடுகிறார். ஞாயிறுதோறும் போனில் அட்டையில் எத்தனை மீதி என்று எண்ணச் சொல்கிறேன். நேற்று 4 என்றார். வாங்கி அனுப்ப வேண்டும்.