புதுச்சேரியிலிருந்து கோல்ஃப் ஆடப் போகிறவர்கள் மைதானத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

புதுச்சேரி, கடலூர் பக்கம் கோல்ஃப் ஆடத் தொடங்கும் எல்லோரும் கேட்பது, "சென்னையில எந்த மைதானம் நல்லா இருக்கும்?" என்றுதான். அதற்கு முன்பு கேட்க வேண்டியவை இரண்டு உண்டு. உறுப்பினர் அல்லாத உங்களை உள்ளே விடுவார்களா? விட்டால் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் 150 கிலோமீட்டர் வண்டி ஓட்டுவது வீண். கிரீன் (குழி இருக்கும் வழவழப்பான புல்தரை) எப்படி, ஃபேர்வே (அதற்குப் போகும் வெட்டிய புல்வழி) எப்படி என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

காரணம், சென்னை நகருக்குள் எவர் வேண்டுமானாலும் பணம் கட்டி ஆடக்கூடிய மைதானம் என்று நம்பிப் போக ஒன்றும் இல்லை. நந்தனத்தில் காஸ்மோபாலிட்டன் கிளப்பின் 18 ஹோல் (குழி) மைதானம் இருக்கிறது, அது உறுப்பினர்களுக்கான கிளப். கிண்டியில் ரேஸ் கோர்ஸின் நடுவே ஜிம்கானா கிளப்பின் மைதானம் இருந்தது. அந்த ரேஸ் கோர்ஸ் நிலத்தின் குத்தகையை அரசு 2024இல் ரத்து செய்துவிட்டது. பழைய பதிவுகளைப் படித்துவிட்டுக் கிண்டியை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

கிளப்புக்குப் போன் போட்டால் வரவேற்பில் பேசி முடித்துவிடாமல் கோல்ஃப் ஆபீஸுக்கு இணைப்பு கேளுங்கள். உறுப்பினர் ஒருவர் கூட வர வேண்டுமா, அல்லது அவர் கடிதம் கொடுத்தால் போதுமா? ஹேண்டிகேப் (உங்கள் ஆட்டத் திறனைக் காட்டும் எண்) சான்று கேட்பார்களா? போட்டி நடக்கும் நாள் எது? கிரீன் ஃபீயில், அதாவது ஆட்டக் கட்டணத்தில், கேடி (மட்டைப் பையைத் தூக்கி வழிகாட்டுபவர்) கூலியும் வரியும் சேர்ந்ததா? மட்டை வாடகைக்குக் கிடைக்குமா? காலர் வைத்த சட்டையும் மென்மையான அடிப்பகுதி கொண்ட ஷூவும் பெரும்பாலான இடங்களில் கட்டாயம். ஜீன்ஸைப் பல கிளப்புகளில் அனுமதிக்க மாட்டார்கள்.

அடுத்தது வெளிச்சக் கணக்கு. நான்கு பேர் சேர்ந்து 18 ஹோல் முடிக்க நாலரை மணி நேரமாவது ஆகும். டிசம்பரில் சென்னையில் ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். அதனால் மதியம் ஒரு மணிக்குப் பிறகு டீ டைம் (ஆட்டம் தொடங்கும் நேரம்) கொடுத்தால் கடைசி இரண்டு மூன்று ஹோல்களை இருட்டில் தேட வேண்டிவரும். அப்படிக் கொடுத்தால் 9 ஹோலுக்கு மட்டும் கட்டணம் உண்டா என்று கேட்டு அதை எடுங்கள். மே மாதத்தில் நிலைமை தலைகீழ். வெயிலுக்குப் பயந்து காலை ஆறு மணிக்குத் தொடங்க வேண்டும். அதற்கு இங்கிருந்து ஈ.சி.ஆரில் நள்ளிரவு தாண்டிக் கிளம்ப வேண்டியிருக்கும். தூக்கம் கெட்ட உடம்போடு ஆடி, அதே நாள் திரும்பி ஓட்டுவது ஆபத்து. முந்தின நாளே போய்த் தங்குங்கள். வார நாளில் போனால் கூட்டம் குறைவு, விருந்தினருக்கு இடமும் எளிதில் கிடைக்கும்.

பருவமழையைப் பற்றி யாரும் சொல்வதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் கடற்கரைப் பட்டி முழுக்க மண் ஊறிக் கிடக்கும். விழுந்த பந்து உருளாது. டிரைவரில் (தூரம் அடிக்கும் நீள மட்டை) அடித்ததில் இருபது கெஜமாவது குறையும். ஃபேர்வேயில் பந்து விழுந்த வேகத்தில் உண்டான குழியிலேயே புதைந்தால் அபராத அடி இல்லாமல் எடுத்து அருகே போட்டு ஆடலாம், விதி 16.3 அதற்குத்தான். தேங்கிய தண்ணீருக்கு 16.1. இது தெரியாமல் புதைந்த பந்தை அப்படியே அடித்து மணிக்கட்டை நோகடித்துக்கொள்பவர்கள் அதிகம். மழை முடிந்து ஜனவரி, பிப்ரவரிதான் சென்னைப் பக்கம் ஆட உகந்த காலம் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்றும் விசாரியுங்கள்: கிரீனில் துளை போட்டு மணல் பரப்பும் வேலை எப்போது நடந்தது? மண் இறுகி வேர் மூச்சு முட்டாமல் இருக்கச் செய்யும் அவசியமான வேலை அது. ஆனால் முடிந்து இரண்டு வாரம் போல ஆகும்வரை பந்து துள்ளித் துள்ளித்தான் போகும். முழுக் கட்டணம் கொடுத்து அந்த வாரத்தில் ஆட வேண்டாம்.

உள்ளே போன பிறகு பலர் சறுக்கும் இடம் டீ, அதாவது ஒவ்வொரு ஹோலிலும் முதல் அடியை அடிக்கும் இடம். பின்னால் இருக்கும் நீல டீயில் நின்று அடிப்பதைக் கௌரவமாக நினைக்கிறார்கள். உங்கள் டிரைவர் அடி சராசரியாக 200 கெஜம் என்றால், 18 ஹோலுக்கு மொத்த நீளம் 5,200 முதல் 5,400 கெஜம் உள்ள டீதான் உங்களுக்கு. 225 என்றால் 5,800 முதல் 6,000. 250 என்றால் 6,200 முதல் 6,400. அதற்கு மேல் நீளமான டீயில் நின்றால் ஒவ்வொரு பார் 4இலும் (நான்கு அடியில் முடிக்க வேண்டிய ஹோல்) இரண்டாவது அடிக்கு ஃபேர்வே உட் என்ற நீள மட்டையை எடுக்க வேண்டிவரும். கிரீனில் பந்து நிற்காது, பின்னால் வரும் குழுவும் காத்துக் கிடக்கும். ஸ்கோர் கார்டில் ஸ்லோப் எண்ணையும் பாருங்கள். 113 நடுத்தரம், 130ஐத் தாண்டினால் உங்களைப் போன்ற சாதாரண ஆட்டக்காரருக்கு அந்த டீ கடினம்.

சென்னையில் இடம் கிடைக்காவிட்டால் பெங்களூரு. தூரம் 300 கிலோமீட்டருக்கு மேல்தான். ஆனால் அங்கே நகருக்கு வெளியே தங்கும் விடுதியோடு சேர்ந்த மைதானங்கள் இருக்கின்றன, பிடதியில் உள்ள ஈகிள்டன் போல. விடுதியோடு சேர்ந்த இடம் என்றால் அறையும் டீ டைமும் சேர்த்துக் கொடுப்பார்களா என்று முதலில் கேளுங்கள். கொடுத்தால் உறுப்பினரைத் தேடி அலைய வேண்டியிருக்காது. பெங்களூரு நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். காற்று மெலிந்திருப்பதால் பந்து மூன்று, நான்கு சதவீதம் கூடுதலாகப் போகும். 150 கெஜத்துக்கு எடுக்கும் அயர்ன் மட்டையை அங்கே 155க்குக் கணக்கிடுங்கள்.

புதிதாகக் கற்பவர் நேராக 18 ஹோலுக்குப் போவது காசுக்குக் கேடு. முதலில் டிரைவிங் ரேஞ்ச் (பந்து அடித்துப் பழகும் இடம்), பிறகு 9 ஹோல். கேடியைக் கட்டாயம் எடுங்கள். கிரீனின் சாய்வு அவருக்குத் தெரிந்த அளவு எந்தச் செயலிக்கும் தெரியாது. கூலியைத் தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள், குறைக்காதீர்கள்.

இவ்வளவு விசாரணையும் தேவைப்படுவதே ஒரு குறை. டெல்லி லாடோ சராயில் டெல்லி வளர்ச்சி ஆணையத்தின் குதுப் கோல்ஃப் மைதானம் 2000இல் திறக்கப்பட்டது. உறுப்பினர் அட்டை இல்லாதவரும் பணம் கட்டி ஆடலாம். புதுச்சேரிக்கு உடனே 18 ஹோல் கேட்கவில்லை. அதற்கு நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும், நம்மிடம் அந்த நிலம் இல்லை. பார் 3 மட்டும் கொண்ட 9 ஹோலும் ஒரு டிரைவிங் ரேஞ்சும் இருபது, இருபத்தைந்து ஏக்கரில் அடங்கும். புல்லுக்கு நிலத்தடி நீரைத் தொடாமல் சுத்திகரித்த கழிவுநீரை விடலாம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை நேரத்தைக் கட்டணமில்லாமல் ஒதுக்கலாம். மீதி நேரம் முன்பதிவு செய்கிற யாருக்கும் திறந்திருக்கட்டும்.