நீங்கள் பார்க்க ஆரம்பித்த அன்றைக்கா வரலாறு ஆரம்பித்தது?

சனிக்கிழமை க்விஸ் பற்றி எழுதக்கூடாது என்றுதான் மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். நேற்று ராத்திரி குரூப்பில் ஒருத்தர் "கூகுள் சார் தூங்கிட்டாரா?" என்று போட, பதினோரு பேர் சிரித்து வைத்தீர்கள் பாருங்கள், அதற்கப்புறம் முடியவில்லை.

நடந்ததை மறுபடி விளக்கப் போவதில்லை. எல்லாருக்கும்தான் வீடியோ வந்துவிட்டதே. அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் யார் என்பது கேள்வி. நான் சொன்னது ஃப்ரிட்ஸ் போலார்ட். க்விஸ் அட்டையில் விடையாக இருந்தது ஆர்ட் ஷெல், 1989-இல் பயிற்சியாளர் ஆனவர். "தப்புண்ணா, உக்காருங்க." உட்கார்ந்தேன். ஒரு பாயிண்டில் தோற்றோம். கோப்பை போனதற்காக எழுதவில்லை. (சரி, கொஞ்சம் அதற்காகவும்தான்.)

ஆர்ட் ஷெல் முதல் ஆள் இல்லை. 1921-லேயே ஆக்ரன் ப்ரோஸ் அணிக்குப் போலார்ட் பயிற்சியாளர். நம்ம ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் ஒன்றும் அண்டார்டிகாவில் இல்லை. நாம் சமோசா தின்றுகொண்டே க்விஸ் நடத்திய அந்த ஹாலிலிருந்து காரில் முக்கால் மணி நேரம்.

1920-இல் இதே ஒஹையோவில், கேன்டனில், ஒரு கார் ஷோரூமில் கூடிப் பேசி ஆரம்பித்த லீக் அது. நாற்காலி போதாமல் கார் ஃபுட்போர்டில் எல்லாம் உட்கார்ந்து பேசினார்களாம். முதல் வருடமே ஆக்ரன்தான் சாம்பியன். 8 வெற்றி, 3 டிரா, தோல்வியே கிடையாது. சீசன் முழுக்க எதிரணிகளுக்கு விட்டுக்கொடுத்தது மொத்தம் 7 பாயிண்ட். அந்த அணியில் பந்தோடு ஓடியவர் போலார்ட். ஐந்தடி ஒன்பது அங்குலம், 75 கிலோ. அந்த உடம்பை வைத்துக்கொண்டு அந்த ஆட்டம்! கீழே விழுந்தால் எதிரணியினர் வேண்டுமென்றே மேலே வந்து குதிப்பார்கள் என்பதால், விழுந்த உடனே மல்லாந்து படுத்து, ஆணி வைத்த ஷூவோடு காலை மேலே தூக்கி உதைத்துக்கொண்டே இருப்பாராம். மற்றவர்களோடு உடை மாற்ற முடியாது. உரிமையாளரின் சுருட்டுப் பட்டறையில் மாற்றிக்கொண்டு, ஆட்டம் தொடங்கும் நேரத்துக்குக் காரில் வந்து இறங்குவார். அப்படி வந்து இறங்கியவருக்குத்தான் நம்முடைய அட்டையில் இடமில்லை.

"மாடர்ன் எராவில் முதல் ஆள் என்று அர்த்தம்" என்று ஒருத்தர் தனியாக மெசேஜ் போட்டார். அட்டையில் அப்படி இல்லையே ஐயா! இருந்தால் மட்டும்? 1934-லிருந்து 1945 வரை அந்த லீக்கில் ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூடக் கிடையாது. எழுதி வைத்த சட்டம் எதுவும் இல்லை, சும்மா எடுக்காமலே விட்டார்கள். 1946-இல் நம்ம கிளீவ்லாந்திலிருந்து ராம்ஸ் அணி லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனபோது, மைதானம் பொதுமக்கள் காசில் கட்டியது, நீங்கள் எப்படி ஆளை ஒதுக்கலாம் என்று கறுப்பினப் பத்திரிகையாளர்கள் கேட்ட பிறகுதான் கென்னி வாஷிங்டனை எடுத்தார்கள். ஜாக்கி ராபின்சனோடு ஒரே கல்லூரி அணியில் ஆடியவர். கறுப்பினத்தவருக்கு மூடியே கிடந்த பேஸ்பால் மேஜர் லீக்கில் ராபின்சன் இறங்கியது அதற்கு அடுத்த வருடம். வாஷிங்டனின் நல்ல வயதெல்லாம் வெளியில் காத்திருந்தே கழிந்துவிட்டது, முட்டியும் போய்விட்டது. அந்த முட்டியோடு 1947-இல் ஒரே ஓட்டத்தில் 92 கெஜம் ஓடினார். மூன்று சீசன்தான் ஆடினார்.

போலார்டுக்குப் பின் ஷெல் வரும்வரை அறுபது வருடத்துக்கு மேல் அந்த நாற்காலியில் ஒரு கறுப்பினத்தவர்கூட இல்லை. கதவைச் சாத்தினார்கள். பிறகு திறந்தார்கள். திறந்ததும் உள்ளே வந்தவரை "முதல்" என்றால், சாத்தியதே நடக்கவில்லை என்றாகிவிடும். இது புரிய பிஎச்டி வேண்டாம். ஷெல்லைக் குறை சொல்லவில்லை, ஆட்டக்காரராகவும் மகா ஆள். ஆனால் முதல் ஆள் இல்லை.

"1921-இல் லீக்குக்குப் பெயரே வேறு." அடுத்த வருடம் மாற்றினார்கள், ஆமாம். கல்யாணத்துக்கப்புறம் இனிஷியல் மாறியதால் என் அத்தை வேறு ஆளாகிவிட்டாரா?

"போலார்ட் இன்னொருத்தரோடு சேர்ந்துதான் பயிற்சியாளர்." இருக்கட்டும். அதனால் என்ன?

"நமக்கெதுக்குண்ணா இதெல்லாம், ஜாலிக்குத்தானே?" இதுதான் எனக்கு உறுத்துகிறது. ஜாலிக்கு என்றால் எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாமா?

எங்கள் ஊருக்கு வாலிபால் வந்தது என் அப்பாவால். கடற்கரையில் இரண்டு சவுக்குக் கம்பு நட்டு, பழைய மீன்வலையைக் கட்டி, சாயங்காலம் ஆனால் பையன்களை வீடு வீடாகப் போய்க் கூட்டிவருவார். பின்னால் அது கிளப் ஆயிற்று, கட்டடம் வந்தது, வெள்ளிவிழா மலர் போட்டார்கள். "நிறுவனர்" என்று வேறொருத்தர் படம். கிளப்புக்குக் கட்டடம் வந்த பிறகு சேர்ந்தவர். அப்பா பெயர் எங்கேயும் இல்லை, நன்றியுரையில்கூட. நான் குதித்தேன். அவர் மலரை இரண்டு தரம் புரட்டிவிட்டு, "அச்சுல வந்துடுச்சுல்ல, இனிமே அதான்" என்றார். அவ்வளவுதான். அன்றைக்குச் சாயங்காலம் மைதானத்துக்குப் போகவில்லை. அதற்கப்புறமும் போகவில்லை.

யாரோ சும்மா அச்சடித்ததுதான். கெட்ட எண்ணம் இருந்திருக்காது. உங்களுக்கும் இல்லை, தெரியும். அதனால்தான் இன்னும் எரிகிறது.

போலார்ட் 1986-இல் இறந்தார். கேன்டனில் இருக்கும் ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது புகழ் மண்டபத்தில், அவருக்கு இடம் கொடுத்தது 2005-இல். பத்தொன்பது வருடம் தாமதம். வெண்கலத் தலை அங்கே இருக்கிறது, கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கோப்பையை வைத்துக்கொள்ளுங்கள். அட்டையை மட்டும் அடுத்த வருடத்துக்குள் திருத்துங்கள். வருகிற சனிக்கிழமை நான் கேன்டன் போகிறேன், காரில் மூன்று சீட் காலி. "கூகுள் சார்" என்று போட்டவர் முன்சீட்டில் உட்காரலாம். டிக்கெட் மட்டும் அவரவர் செலவு.