கேரளாவில் எந்த ஊர்?

சித்தப்பா மகளுக்குச் சேலத்தில் நர்சிங் சீட் கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் ஹாஸ்டல். நேற்று ராத்திரி போன் போட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அக்கா, எந்த ஊருன்னு கேட்டா ஏற்காடுன்னு சொல்லிரட்டுமா, இல்ல நம்ம ஊர்ப் பேரையே சொல்லட்டுமா?" எனக்கு உடனே பதில் வரவில்லை. சேலத்தில் படித்த நாலு வருஷமும் நானே தடுமாறிய கேள்வி அது.

சான்றிதழில் எங்கள் சாதி 'மலையாளி' என்று இருக்கும். கேரளத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை. மலையில் வாழ்கிற ஆட்கள் என்ற அர்த்தத்தில் வழங்குகிற பெயர். ஏற்காடு இருக்கிற எங்கள் சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை, ஜவ்வாது மலை என்று பரவியிருக்கிறோம். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரியவர்கள் நாங்கள்தான். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூன்று பேர் மலைக்கு ஒருத்தராகப் பிரிந்து போனார்கள் என்பது எங்கள் பக்கத்துப் பழங்கதை. வீட்டில் பேசுவது தமிழ். வேறு பாஷை தெரியாது.

இது எங்கள் ஹாஸ்டல் வார்டனுக்குத் தெரியவில்லை. விண்ணப்பத்தைப் பார்த்தார். கோட்டயத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண்ணையும் என்னையும் ஒரே அறையில் போட்டார். "ரெண்டு பேரும் ஒரே பாஷை, சௌகரியமா இருக்கும்." அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் மடமடவென்று மலையாளத்தில் கொட்ட ஆரம்பித்தாள். "எனக்குத் தமிழ்தாங்க தெரியும்" என்றேன். பாவம், அவள் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. அன்று ராத்திரி அவள் ஒரு பக்கம் அழுதாள், நான் ஒரு பக்கம் அழுதேன்.

ஒரே வாரத்தில் எனக்குப் பெயர் 'சேச்சி'. ஓணத்துக்கு வாட்ஸ்அப் குரூப்பில் அவளைவிட எனக்குத்தான் வாழ்த்து அதிகம். "நீ எப்படிடி இவ்வளவு நல்லாத் தமிழ் பேசுற?" என்று ஒருத்தி பாராட்டினாள். அவள் வீட்டில் சௌராஷ்டிரா பேசுவார்கள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் வீட்டில் கன்னடம், பின்னால் இருந்தவள் வீட்டில் தெலுங்கு. சேலம் அப்படிப்பட்ட ஊர்தான், நல்ல விஷயம்தான். ஆனால் அந்த வரிசையில் வீட்டிலும் தமிழே பேசிய ஒருத்தி நான். வெளியூர்க்காரி என்று பெயர் வாங்கியதும் நான்.

இதையெல்லாம் இப்போது சொல்லிச் சிரிக்கிறேன். சிரிப்பு வராதது ஸ்காலர்ஷிப் விஷயம். பாடம் நடந்துகொண்டிருக்கும்போது ஆபீசிலிருந்து ஆள் வந்து, "எஸ்டி ஸ்காலர்ஷிப் யாரு, எந்திரிங்க" என்பார். நான் மட்டும் எழுந்திருப்பேன். மாநில இடஒதுக்கீட்டில் எங்களுக்கு உள்ளது 1 சதவீதம். அந்த ஒன்று எப்படி இருக்கும் என்று மொத்த வகுப்பும் திரும்பிப் பார்க்கும். சாயங்காலம் மெஸ்ஸில், "உனக்கென்னப்பா, எல்லாம் ஃப்ரீ." மற்றவர்களுக்குத் தாசில்தார் ஆபீசோடு சாதிச் சான்றிதழ் வேலை முடிந்துவிடும். எங்களுக்குக் கோட்டாட்சியர் தர வேண்டும். அதற்காக அப்பா காப்பித் தோட்டத்துக் கூலியை விட்டுவிட்டு எத்தனை தடவை மலை இறங்கினார் என்று மெஸ் வரிசையில் நின்று யாரிடம் விளக்குவது?

ஒரு தோழி வீட்டுக்குப் போயிருந்தேன். எங்கள் ஆட்களுக்கும் 'கவுண்டர்' பட்டம் உண்டு. சமவெளியில் கொங்குக் கவுண்டர்கள் தங்கள் குலத்தைக் 'கூட்டம்' என்பார்கள். அப்பா பெயரைக் கேட்டதும் அவள் அம்மா ஆசையாக, "அட, எந்தக் கூட்டம் கண்ணு?" என்றார். மலை என்றேன். "ஓ, மலைக்காரங்களா" என்றவர், அப்புறம் மழை பெய்யுமா பெய்யாதா என்று பேசிக்கொண்டிருந்தார். காப்பி கொடுத்தார், குறை சொல்ல முடியாது.

இரண்டாம் வருஷம் வகுப்போடு டூர். எங்கே? ஏற்காட்டுக்கு! 20 கொண்டை ஊசி வளைவில் பாதிப் பேர் வாந்தி. எலுமிச்சம்பழத்தோடு போயிருந்த எனக்கு அன்றைக்குத்தான் மரியாதை. ஏரியில் படகு, லேடீஸ் சீட், கடைசியில் சேர்வராயன் கோயில். குனிந்து போகிற குகை அது. உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். மே மாதத் திருவிழாவுக்கு எங்கள் சனம் மொத்தமும் கூடுகிற இடம். வெளியே செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி கேட்டாள்: "இங்கல்லாம் ஆளுங்க நெஜமாவே குடியிருக்காங்களா?" இரண்டு வருஷமாக என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவள்.

உன் வீடு எந்தப் பக்கம் என்று கேட்டது கோட்டயத்துக்காரி ஒருத்திதான். அடுத்த லீவுக்கு வந்து மூன்று நாள் இருந்தாள். அம்மா கிண்டிய களியை விழுங்கத் தெரியாமல் மென்றுகொண்டே இருந்தாள்.

கல்லூரியில் முதல் நாள் மேடையில் பேசுகிறவர்கள் எல்லோரும் "கலந்து பழகணும்" என்று எங்கள் பக்கம் பார்த்தே சொல்வார்கள். என் கோபம் அதில்தான். நான் பழகாமலா இருந்தேன்? இழுத்துப் பேசுவதைக் குறைத்தேன். சேலத்துத் தெருக்கடைத் தட்டுவடை செட்டுக்கு அடிமையே ஆனேன். கல்லூரி மொட்டை மாடியில் ஏறினால் எங்கள் மலை தெரியும். ஏற்காடு பழங்குடியினருக்கான தனித்தொகுதி. சேந்தமங்கலத்தையும் சேர்த்து மாநிலத்தில் இரண்டே இரண்டுதான். அங்கே யார் இருக்கிறார்கள் என்று ஒரு நாள் கேட்டுத் தெரிந்துகொள்வதும் பழகுவதில் சேர்த்திதானே? அதை மேடையில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வருஷம் ஜூனியர்களிடம் 'ஏற்காடு டவுன்' என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்பா தோளில் பலாப்பழத்தோடு வந்தபோது உள்ளே கூப்பிடாமல் கேட்டிலேயே நின்று பேசி அனுப்பினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

காலையில் சித்தப்பா மகளைத் திரும்பக் கூப்பிட்டு, ஊர்ப் பேரையே சொல்லுடி என்றேன். "எங்க இருக்குன்னு கேப்பாங்களேக்கா." கேட்கட்டும், சொல்லு. மறுபடி கேட்பார்கள், மறுபடி சொல்லு. அப்புறம், முதல் மாசம் ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வராதே என்றும் சொல்லியிருக்கிறேன். வந்தால் திரும்ப இறங்க மனசு வராது. எனக்கு வரவில்லை. அப்பாதான் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, வண்டி கிளம்பும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.